நல்லிக்கு வந்த மவுசு: வாசகர் கேள்வி – பதில்

போன இதழில் மலிவான கறித் துண்டுகளைப் பற்றிப் போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். அதற்கு வந்த கடிதங்களைப் பார்த்தால், ஊரில் பாதிப் பேர் வேகாத கறியோடு போராடிக்கொண்டிருப்பது போலத் தெரிகிறது. எனவே இந்த முறை முழுக்கக் கறிதான். சைவ வாசகர்கள் ஒரு மாதம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு காலத்தில் கறிக்கடையில் சும்மா கொடுத்த நல்லி, வால், நெஞ்செலும்பு எல்லாம் இன்றைக்குத் தொடைக்கறி விலைக்கு வந்துவிட்டதே, ஏன்?

ஒரு ஆட்டுக்கு நாலு கால்தான். ஒரு மாட்டுக்கு ஒரே ஒரு வால், அதிலும் அடிப்பக்கத்துத் துண்டுகளில்தான் சதை இருக்கும், நுனிக்குப் போகப் போக எலும்பும் பசையும்தான். யாருக்கும் வேண்டாத வரை அந்தத் துண்டுக்கு விலையே இல்லை. நாலு உணவகங்கள் அதைப் பட்டியலில் சேர்த்து, அதைப் பார்த்து நாலு பேர் வீட்டில் சமைக்க ஆரம்பித்துவிட்டால், வாலுக்காக யாரும் கூடுதலாக ஒரு மாடு வளர்க்கப்போவதில்லை என்பதால், விலை ஏறுவதைத் தவிர அதற்கு வேறு வழி கிடையாது.

இது ஒரு முறை நடந்த கதையும் இல்லை. டெக்சாஸ் மாட்டுப் பண்ணைகளில் வேலை பார்த்த மெக்சிகோ வம்சாவளித் தொழிலாளர்களுக்குக் கூலியோடு கூலியாகத் தலையும் குடலும், நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கிற உதரவிதானத் தசையும் தள்ளிவிடப்பட்டன. அவர்கள் அந்தத் தசையை நெருப்பில் வாட்டி, இழைக்குக் குறுக்கே மெல்லியதாக அரிந்து சாப்பிட்டார்கள். 1970-களில் அதுவே ஃபஹீட்டா என்ற பெயரில் உணவகங்களுக்குள் நுழைந்தது, மலிவும் அதோடு போயிற்று. கோழி இறக்கை சூப்புக்குப் போடுகிற கழிவாகத்தான் இருந்தது. 1964-ல் அமெரிக்காவின் பஃபலோ நகரில் ஆங்கர் பார் என்ற கடையில் அதைப் பொரித்துக் காரச் சாற்றில் புரட்டிக் கொடுத்ததாகச் சொல்வார்கள், அதன்பின் அது நெஞ்சுக்கறியோடு விலையில் போட்டி போடும் அளவுக்கு வந்துவிட்டது. ரோம் நகரில் டெஸ்டாச்சோ பகுதி இறைச்சிக்கூடத் தொழிலாளர்கள், மாட்டை நாலாக வெட்டிய நாலு கால்பங்கும் வசதியானவர்களுக்குப் போனபின் மிஞ்சிய வால், குடல், ஈரலை ‘ஐந்தாவது கால்பங்கு’ என்றே சொன்னார்கள். அந்த வாலைத் தக்காளியும் செலரியும் சேர்த்து மணிக்கணக்கில் வேகவைத்தது இன்று அந்த ஊரின் பெயர்பெற்ற உணவு.

ஆட்டுக்கறியின் கதை இன்னும் சுவாரசியம், ஏனென்றால் அங்கே ஒரு துண்டு மட்டுமல்ல, முழு ஆடுமே ஒரு காலத்தில் மலிவாக இருந்தது. 1882 பிப்ரவரியில் நியூசிலாந்தின் போர்ட் சாமர்ஸ் துறைமுகத்திலிருந்து ‘டனீடன்’ என்ற பாய்மரக் கப்பல், நீராவியில் ஓடும் குளிர்விக்கும் இயந்திரத்தோடு, ஏறக்குறைய 5,000 உறைந்த ஆட்டு உடல்களை ஏற்றிக்கொண்டு கிளம்பி, மே மாதம் லண்டன் போய்ச் சேர்ந்தது. கறி கெட்டுப்போகவில்லை. அதுவரை கம்பளிக்காக வளர்த்த ஆட்டின் கறியை என்ன செய்வது என்று தெரியாமல் இருந்த நாட்டுக்கு அது பெரிய வாசல், பிரிட்டனில் சாதாரணத் தொழிலாளியின் சாப்பாட்டுத் தட்டுக்கும் அது பெரிய வாசல். அப்புறம் அந்தக் கதை திரும்பியது. கம்பளி விலை விழுந்தது, 1984-க்குப் பிறகு அரசு மானியம் நின்றது, மேய்ச்சல் நிலங்கள் பால் மாடுகளுக்குப் போயின. 1982-ல் சுமார் 7 கோடியாக இருந்த நியூசிலாந்து ஆடுகள் இப்போது இரண்டரைக் கோடிக்கும் கீழே. ஆக, நல்லிக்கு மவுசு கூடியது ஒரு பக்கம், ஆடு குறைந்தது இன்னொரு பக்கம். கடைக்காரர் மேல் மட்டும் கோபப்பட்டுப் பயனில்லை.

நல்லிக் கறியை ஒரு மணி நேரம் நன்றாக வேகவைத்தேன். ரப்பர் மாதிரி இருந்தது. இன்னும் வேகவைத்தால் மேலும் கெட்டியாகிவிடும் என்று பயந்து அப்படியே பரிமாறிவிட்டேன். எங்கே தப்பு?

பயந்ததுதான் தப்பு. நீங்கள் அடுப்பை அணைத்தது சரியாக மிக மோசமான கட்டத்தில்.

கறிக்குள் இரண்டு விஷயம் இருக்கிறது. ஒன்று தசை இழை, இன்னொன்று அந்த இழைகளைக் கட்டிவைத்திருக்கும் இணைப்புத் திசு, அதில் முக்கியமானது கொலாஜன். சூடு 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது கொலாஜன் சுருங்கி இழைகளைப் பிழிகிறது. 70-ஐ நெருங்கும்போது தசைப் புரதங்களும் இறுகி நீரைத் துப்புகின்றன. இந்த இடத்தில் கடித்துப் பார்த்தால் எந்தக் கறியும் ரப்பர்தான். ஆனால் அதே கொலாஜன், ஈரப்பதமும் சூடும் நேரமும் சேர்ந்து கிடைத்தால் மெல்லக் கரைந்து ஜெலட்டினாக மாறும். 60–70 டிகிரியில் அது நாள்கணக்கில் நடக்கும் வேலை, 85–95 டிகிரியில் இரண்டு மூன்று மணி நேரத்தில் முடிந்துவிடும். இழை அப்போதும் வறண்டுதான் இருக்கும், ஆனால் அதைச் சுற்றி ஜெலட்டினும் கொழுப்பும் பூசியிருப்பதால் வாய்க்கு அது தெரியாது. உதட்டில் ஒட்டுகிற அந்தப் பிசுபிசுப்பு இதுதான்.

கால், கழுத்து, வால், கன்னம், அதாவது அந்த விலங்கு ஓயாமல் பயன்படுத்திய பகுதிகளில் கொலாஜன் அதிகம். முதுகோரத் தசைக்கு அவ்வளவு வேலை இல்லை, எனவே அது மென்மை. மலிவான துண்டு மலிவாக இருந்தது ருசி இல்லாததால் அல்ல, அதற்கு மூன்று மணி நேரமும் எரிபொருளும் வேண்டியிருந்ததால்தான். சொல்லப்போனால் வேலை செய்த தசைக்குத்தான் கறிச் சுவை அதிகம்.

எனவே அடுத்த முறை: 400 கிராம் அளவுள்ள நல்லி என்றால், மூடியிட்டு, பாதி முங்கும் அளவு நீரில், லேசாகக் குமிழ் விடும் சூட்டில் இரண்டரை மணி நேரம் விடுங்கள். தளதளவென்று கொதிக்கவேண்டாம், இழை பிரிந்து நார்நாராகிவிடும். கடிகாரத்தை நம்பாமல் ஒரு கத்தி நுனியைக் குத்திப் பாருங்கள், தடையில்லாமல் உள்ளே போய் வெளியே வரவேண்டும், சதை எலும்பிலிருந்து மேலேறியிருக்க வேண்டும். வரவில்லையா, இன்னும் அரை மணி நேரம். ‘வேகவில்லை’ என்ற புகாருக்குப் பத்தில் ஒன்பது முறை பதில் இது ஒன்றுதான்.

அக்கா, பிரஷர் குக்கரில் வைத்தால் ருசி போய்விடும் என்று மாமியார் சொல்கிறார். வேலைக்குப் போகிற எனக்கு மூன்று மணி நேரத்துக்கு எங்கே போவது?

குக்கரிலேயே வைம்மா. முழு அழுத்தத்தில் உள்ளே 120 டிகிரிக்குப் பக்கமாகப் போகும், மூன்று மணி நேர வேலை நாற்பது, ஐம்பது நிமிடத்தில் முடியும். ருசி எங்கேயும் போகாது, குழம்புக்குள்தான் இருக்கும். மாமியார் சொல்வதில் ஒரு நியாயம் மட்டும் உண்டு: மூடியிருப்பதால் நீர் வற்றாது, சாறு தண்ணீராக நிற்கும். அதனால் தண்ணீரை முதலிலேயே குறைத்து ஊற்று. அழுத்தம் தானாக இறங்கட்டும், அவசரமாக ஆவியை விட்டால் உள்ளே சட்டென்று கொதித்து கறி சிதறும். பிறகு கறியை எடுத்துவிட்டு சாற்றை மட்டும் திறந்த பாத்திரத்தில் சுண்டவை. உப்பைச் சுண்டிய பிறகு சரிபார்.

இதைவிட நல்ல யோசனை, ஞாயிற்றுக்கிழமை நிதானமாகச் செய்து திங்கள்கிழமை சாப்பிடுவது. இப்படி வேகவைத்த கறி மறுநாள் நன்றாக இருப்பது நிஜம். ஆறும்போது சாறு கெட்டியாகி இழைகளோடு பிடித்துக்கொள்கிறது, மேலே மிதந்த கொழுப்பு தகடாக உறைவதால் கரண்டியால் அப்படியே எடுத்துப் போட்டுவிடலாம். சமைத்த இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டிக்குள் போய்விட வேண்டும், பெரிய பாத்திரமாக இருந்தால் ஆழமில்லாத இரண்டு மூன்று பாத்திரங்களில் பிரித்து வை. மறுபடி சூடாக்கும்போது நடுவிலும் ஆவி பறக்கவேண்டும்.

கறியை முதலில் எண்ணெயில் வறுத்தால் சாறு உள்ளேயே அடைபடும் என்கிறார்களே?

அடைபடாது. 19-ம் நூற்றாண்டில் ஜெர்மன் வேதியியலாளர் யுஸ்டுஸ் ஃபொன் லீபிக் கிளப்பிவிட்ட நம்பிக்கை அது, 1930-களிலேயே சோதனை செய்து பொய் என்று காட்டிவிட்டார்கள். வறுத்த துண்டைத் தட்டில் வைத்தால் கீழே சாறு தேங்குகிறதே, அது எப்படி வெளியே வந்தது?

ஆனால் வறுங்கள். அந்தப் பழுப்பு நிறத்தில்தான் மணம் இருக்கிறது. கறியை ஈரம் போகத் துடைத்துவிட்டு, சட்டியில் நெருக்காமல், இரண்டு தவணையாக வறுக்கவேண்டும். ஒரேயடியாகக் கொட்டினால் நீர் விட்டு அவியும், நிறமும் வராது.

ஆட்டு வாடை எங்கள் வீட்டில் பாதிப் பேருக்குப் பிடிக்காது. எவ்வளவு கழுவினாலும் போகமாட்டேன் என்கிறது.

கழுவினால் போகாது, ஏனென்றால் அது சதையில் இல்லை, கொழுப்பில் இருக்கிறது. ஆட்டின் கொழுப்பில் கிளைகொண்ட சங்கிலி அமைப்புள்ள சில கொழுப்பு அமிலங்கள் உண்டு, 4-மெத்தில் ஆக்டனாயிக் அமிலம் போன்றவை. மாட்டுக் கறியில் இவை பெயருக்குத்தான். மிகச் சிறிய அளவிலேயே மூக்குக்குத் தெரியும், வயது ஏற ஏறக் கூடும், கிடாவாக இருந்தால் இன்னும் அதிகம். புல் மேய்ந்த ஆட்டில் இதோடு ஸ்கேடோல் என்ற இன்னொரு பொருளும் சேர்ந்து வேறு ஒரு மணம் கொடுக்கும். தண்ணீரில் நாலு முறை அலசினால் இவற்றுக்கு ஒன்றும் ஆகாது, சிங்க் முழுக்கக் கிருமி தெறிப்பதுதான் மிச்சம்.

செய்யவேண்டியது, மேலே இருக்கும் தடித்த வெள்ளைக் கொழுப்பையும், வழுவழுப்பான மேல்சவ்வையும் கத்தியால் எடுத்துவிடுவது. முழுவதும் வேண்டாம், உள்ளே ஊடுருவியிருக்கும் கொழுப்பு இருக்கட்டும். வறுக்கும்போது உருகி வந்த கொழுப்பைக் கொட்டிவிட்டு வேறு எண்ணெய் ஊற்றுங்கள். வெந்த பின் மேலே மிதப்பதை எடுங்கள். இவ்வளவு செய்தாலே பெரும்பகுதி குறைந்துவிடும். மிச்சத்துக்குப் பூண்டு, மிளகு, சீரகம், புதினா, எலுமிச்சை மாதிரி எதிர்த்து நிற்கும் சேர்மானம் போதும்.

எனக்குத் தனிப்பட்ட முறையில் அந்த வாடை கொஞ்சம் இருக்கவேண்டும். அது இல்லாத ஆட்டுக்கறியை ஏன் அந்த விலை கொடுத்து வாங்கவேண்டும்? ஆனால் பிடிக்காதவர்களை வற்புறுத்திப் பிடிக்கவைக்க முடியாது, வயது குறைந்த ஆடாகப் பார்த்து வாங்குங்கள்.

ஆட்டுக்குட்டிக் கறிதான் உயர்ந்தது, முற்றிய ஆடு தரம் குறைந்தது என்பது சரியா?

பொதுவாக ஒரு வயதுக்கு உட்பட்டது குட்டி, இரண்டைத் தாண்டியது முற்றல், நடுவில் உள்ளதற்குச் சில நாடுகளில் தனிப் பெயரே உண்டு. குட்டி சீக்கிரம் வேகும், சுவை மெல்லியது. முற்றிய ஆட்டில் கொலாஜன் இழைகள் ஒன்றோடொன்று இறுகப் பின்னியிருப்பதால் கரைய நேரம் பிடிக்கும், ஆனால் சாறு என்று வந்துவிட்டால் குட்டி அதன் பக்கத்தில்கூட நிற்கமுடியாது. வேகமாக வாட்டிச் சாப்பிட நினைத்தால் குட்டி, குழம்புக்கும் சூப்புக்கும் முற்றல். பிரிட்டனில் முற்றிய ஆட்டுக்கறி மறைந்தே போகிற நிலைமை வந்து, 2004-ல் அப்போதைய இளவரசர் சார்லஸ் அதை மீட்க ஓர் இயக்கமே தொடங்கினார்.

ஒன்று சேர்த்துச் சொல்லவேண்டும். இளம் ஆட்டுக் கறியும் சில நேரம் காரணமே இல்லாமல் கடினமாக இருக்கும், சமைத்தவரைத் திட்டுவார்கள். அறுத்த உடனே தசை விறைப்பதற்கு முன்பே மிக வேகமாகக் குளிர்வித்தால் இழைகள் சுருங்கி அப்படியே இறுகிவிடும். ஆட்டின் உடல் சின்னது, சீக்கிரம் குளிர்ந்துவிடும், அதனால் அதற்கு இந்த ஆபத்து அதிகம். நியூசிலாந்து ஆராய்ச்சியாளர்கள் 1960-களில் இதைக் கண்டுபிடித்து, பிறகு அறுத்த உடலில் மின்சாரம் பாய்ச்சி விறைப்பைச் சீக்கிரம் வரவழைக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். வீட்டில் இதற்கு மருந்து கிடையாது, நீண்ட நேரம் வேகவைப்பதைத் தவிர.

தயிரில், எலுமிச்சைச் சாற்றில் இரவு முழுக்க ஊறவைக்கிறேன். பப்பாளிக்காயும் போடுகிறேன். போதுமா?

அதிகம்.

புளிப்பு மேல்பரப்பில் சில மில்லிமீட்டர்தான் வேலை செய்யும். கூடுதல் நேரம் விட்டால் மேலே மாவாகவும் உள்ளே பழையபடியும் இருக்கும். பப்பாளியில் உள்ள பப்பைன் நொதி நிஜமாகவே புரதத்தை வெட்டும், ஆனால் அது சூடு ஏறும் நேரத்தில், 50–70 டிகிரிக்குள்தான் முழுவேகத்தில் இயங்கும், இரவு முழுக்க ஊறுவதால் ஆவது குறைவு. மெல்லிய துண்டுகளுக்குக் கொஞ்சமாக, அரை மணி நேரம் போதும். எல்லாவற்றையும்விட உப்பு நல்லது: கிலோவுக்கு 10 கிராம், முதல் நாளே தடவிக் குளிர்பெட்டியில் வைத்துவிடுங்கள். உப்பு உள்ளே போகும், நீரையும் பிடித்துவைக்கும். நல்லி, வால் போன்றவற்றுக்கு இந்தப் பப்பாளி வித்தை எதுவும் தேவையே இல்லை, அவற்றை மென்மையாக்கும் வேலையை நேரம் பார்த்துக்கொள்ளும்.

சரி, நல்லியும் வாலும் கைக்கு எட்டாது என்றால் இப்போது எதைத்தான் வாங்குவது?

இன்னும் யாரும் புகைப்படம் எடுத்துக் கொண்டாடாத துண்டை வாங்குங்கள். என் பட்டியலில் முதலிடம் கழுத்துக்கறிக்கு. பார்வைக்கு ஒன்றும் இருக்காது, எலும்பு வளைந்து நெளிந்து கிடக்கும், ஆனால் சதைக்கும் எலும்புக்கும் கொழுப்புக்கும் உள்ள அளவு இவ்வளவு பொருத்தமாக வேறு எந்தத் துண்டிலும் அமைவதில்லை. அயர்லாந்தின் பழைய ஆட்டுக்கறிக் குழம்பு, உருளைக்கிழங்கும் வெங்காயமும் கழுத்துக்கறியும் தண்ணீரும் மட்டும்தான், அதில் வேறு எதுவும் தேவைப்படாததற்குக் காரணம் அந்தக் கழுத்துதான். குறுக்கே வெட்டித் தரச் சொல்லுங்கள், நல்லி மாதிரியே இரண்டு இரண்டரை மணி நேரம். சாப்பிடும்போது கையால்தான் சாப்பிடவேண்டும், விருந்தாளி முன்னால் கூச்சப்படுபவர்கள் சதையை முன்பே உதிர்த்துவிடலாம்.

அடுத்தது நெஞ்சுக்கறி. கொழுப்பு நிறைய, அதனால் பலர் ஒதுக்குவார்கள், ஒதுக்கட்டும். இதற்குப் பிரெஞ்சுக்காரர்களின் பழைய முறை ஒன்று உண்டு, நான் மிகவும் மதிப்பது. முழுத் துண்டை வெங்காயம், மிளகு, பிரிஞ்சி இலை போட்டு மெல்லிய சூட்டில் இரண்டு மணி நேரம் வேகவையுங்கள். விலா எலும்புகளைப் பிடித்து இழுத்தால் வழுக்கி வந்துவிடவேண்டும். எல்லா எலும்பையும் உருவிவிட்டு, சூடாக இருக்கும்போதே இரண்டு தட்டுகளுக்கு நடுவில் வைத்து மேலே கனமான ஏதாவது ஒன்றை ஏற்றி, இரவு முழுக்கக் குளிர்பெட்டியில் விடுங்கள். காலையில் பலகை போல இறுகியிருக்கும். விரல் அளவு துண்டுகளாக வெட்டி, கடுகு விழுதைத் தடவி, முட்டையில் தோய்த்து, ரொட்டித் தூளில் புரட்டி, மொறுமொறுப்பாக வறுத்தெடுங்கள். வெளியே நொறுங்கும், உள்ளே உருகும். பக்கத்தில் புளிப்பாக ஏதாவது அவசியம் வேண்டும், இல்லாவிட்டால் மூன்றாவது துண்டில் திகட்டிவிடும். வேகவைத்த நீரை வடிகட்டி, உறைந்த கொழுப்பை எடுத்தால் மறுநாள் சூப்புக்கு அடித்தளம் ரெடி.

மூன்றாவது, முன்தொடை, அதாவது தோள்பட்டைப் பகுதி. பின்தொடையைவிட இதுதான் உயர்ந்தது என்று நான் சொன்னால் சண்டைக்கு வருபவர்கள் உண்டு, வரட்டும். பின்தொடை அழகாக அரிந்து பரிமாறலாம், ஆனால் கொஞ்சம் நேரம் கூடினால் வறண்டுபோகும். முன்தொடை மன்னிக்கும். 150 டிகிரி ஓவனில் மூடிபோட்டு நாலு மணி நேரம் மறந்துவிட்டாலும் ஸ்பூனாலேயே பிய்த்துச் சாப்பிடலாம்.

ஆட்டுக்கறி தட்டுக்கு வந்த கொஞ்ச நேரத்தில் மெழுகு மாதிரி மேலண்ணத்தில் ஒட்டுகிறதே?

ஆட்டுக் கொழுப்பில் ஸ்டியரிக் அமிலம் அதிகம், உடல் சூட்டைவிட மேலான வெப்பத்திலேயே உறைய ஆரம்பித்துவிடும். தட்டைச் சூடாக்கிப் பரிமாறுங்கள், கூடவே குளிர்ந்த பானம் வைக்காதீர்கள்.

ஈரல், சிறுநீரகம், இதயம் இதெல்லாம் இன்னும் மலிவாகவே இருக்கிறது. வாங்கவும் ஆசை, சமைக்கவும் பயம். எப்படி?

உறுப்புகளை ஒரே கூட்டமாகப் பார்க்காதீர்கள். ஈரலில் கரையவேண்டிய கொலாஜன் அதிகமில்லை, நேரம் அதற்கு எதிரி. ஒரு சென்டிமீட்டர் தடிமனில் அரிந்து, சவ்வை உரித்து, நல்ல சூட்டில் பக்கத்துக்கு ஒன்றரை, இரண்டு நிமிடம், நடுவில் சிவப்பு மறைந்ததும் இறக்கிவிடவேண்டும். பத்து நிமிடம் வேகவைத்தால் மாவும் மணலுமாக ஆகிவிடும், ஈரல் பிடிக்காது என்று சொல்பவர்களில் முக்கால்வாசிப் பேர் சாப்பிட்டது அந்த ஈரலைத்தான். வைட்டமின் ஏ மிக அதிகம் என்பதால் கர்ப்பிணிகள் தவிர்க்கவேண்டும், மற்றவர்களும் வாரம் ஒரு முறைக்கு மேல் வேண்டாம்.

சிறுநீரகத்தை நீளவாக்கில் பிளந்து நடுவில் உள்ள வெள்ளைத் தண்டைக் கத்தரிக்கோலால் முழுவதும் வெட்டி எடுங்கள், வாடைக்குக் காரணம் பெரும்பாலும் அதுதான். இதுவும் சட்டென்று வதக்கி எடுக்கவேண்டியது. இதயம் உறுப்பு என்று பெயரே தவிர அசல் தசை. மெல்லியதாக அரிந்து ஒரு நிமிடம் வாட்டலாம், அல்லது முழுதாக இரண்டு மணி நேரம் வேகவைக்கலாம், நடுவில் எங்கே நிறுத்தினாலும் செருப்புத் தோல். நாக்கு என்றால் எலும்பு இல்லாத நல்லி என்று நினைத்துக்கொள்ளுங்கள்: ஆட்டு நாக்குக்கு ஒன்றரை மணி நேரம், மாட்டு நாக்குக்கு மூன்று மணி நேரம் போல ஆகும், கை பொறுக்கும் சூடு இருக்கும்போதே தோலை உரித்துவிடுங்கள், ஆறவிட்டால் ஒட்டிக்கொண்டு பிய்ந்து பிய்ந்து வரும்.

முதல் முறை வாங்குபவர்கள் இதயத்திலிருந்து தொடங்குங்கள். கறி மாதிரியே இருக்கும், என்ன என்று சொல்லாமல் பரிமாறினால் வீட்டில் யாருக்கும் தெரியாது.